பாக்கெட் பால், டெட்ரா பேக், தயிர், பனீர்: எதில் வைட்டமின் தங்குகிறது?

வீட்டுக்கு எந்தப் பால் வாங்குவது என்பதை நாம் பெரும்பாலும் விலை, காபிக்குக் கெட்டியாக இருக்குமா, தயிர் நன்றாக உறையுமா என்பதை வைத்துத்தான் முடிவு செய்கிறோம். வைட்டமின் எல்லாம் பாக்கெட்டின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும் சமாச்சாரம், அதை யார் படிக்கிறார்கள்? ஆனால் ரத்தப் பரிசோதனை செய்து, வைட்டமின் டி குறைவு, பி12 குறைவு என்று ஒரு தாள் கைக்கு வந்ததும் கதை மாறிவிடும். வைட்டமின் சேர்த்த பால் வாங்கு, பாதாம் பாலுக்கு மாறு, ஏ2 பால்தான் நல்லது, புரதம் கூட்டிய பால் வந்திருக்கிறதே என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். பால் புரதம் வைட்டமினைப் பிடித்து வைத்துப் பாதுகாக்கும், அதனால் மாத்திரையைவிடப் பால் மேல் என்று வாட்ஸ்அப்பிலும் ஒரு செய்தி வரும். அதில் பாதி உண்மை. அந்தப் பாதி எது என்று தெரிந்துகொண்டால் கடையில் முடிவெடுப்பது சுலபம்.

லேபிளில் எத்தனை மைக்ரோகிராம் என்று பார்ப்பதற்கு முன்னால், அந்த வைட்டமின் பாலுக்குள் எதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. கொழுப்பில் இருந்தால் கொழுப்பை எடுக்கும்போது போய்விடும். தண்ணீரில் கரைந்திருந்தால் பனீர் பிழியும்போது போய்விடும். புரதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தால், அந்தப் புரதத்தை அடுப்பும் புளிப்பும் என்ன செய்கின்றன என்பதைப் பொறுத்தது.

பாலுக்குள் யாரிடம் எது

பசும்பால் 100 மில்லியில் சுமார் 3.3 கிராம் புரதம். அதில் ஏறக்குறைய 80 சதவீதம் கேசீன், மீதி வே புரதங்கள், அதாவது பாலைத் திரித்து வடிகட்டினால் கீழே இறங்கும் தண்ணீரோடு போகிறவை.

கேசீன் தனித்தனி மூலக்கூறாக மிதப்பதில்லை. ஆயிரக்கணக்கில் ஒன்றாகத் திரண்டு, நடுநடுவே கால்சியம் பாஸ்பேட் துணுக்குகளை வைத்துக்கொண்டு, சராசரியாக 150 நானோமீட்டர் அளவுள்ள உருண்டைகளாக இருக்கிறது. மைசெல் என்று பெயர். பால் வெள்ளையாகத் தெரிவதற்கு ஒரு முக்கியக் காரணம் இந்த உருண்டைகள் ஒளியைச் சிதறடிப்பதுதான், ஆடை நீக்கிய பாலும் வெள்ளையாகவே இருக்கிறதே. கேசீன் சங்கிலியில் தண்ணீரை விரும்பாத பகுதிகள் நிறைய உண்டு. டி, ஏ மாதிரி எண்ணெயில் கரையும் வைட்டமின்கள் அந்த இடங்களில் போய் ஒட்டிக்கொள்கின்றன. முக்கியமான விஷயம், கேசீனுக்கு இறுக்கமாக மடிந்த உருவம் என்று ஒன்று கிடையாது, அவிழ்ந்த நூல் போலத்தான் இருக்கும். மடிப்பே இல்லாததைச் சூடு எப்படிக் குலைக்கும்? அதனால் பால் பொங்கும் சூட்டிலும் கேசீன் பெரிதாக அசைவதில்லை. 2007-ல் இஸ்ரேலின் ஹைஃபாவில் உள்ள டெக்னியான் நிறுவனத்தில் யோவாவ் லிவ்னியின் குழு கேசீன் மைசெல்லைக் கலைத்து, வைட்டமின் டி2-வை உள்ளே வைத்து மறுபடி கட்டிப் பார்த்தது. புற ஊதா ஒளியில் வைத்தபோது உள்ளே இருந்த வைட்டமின் அவ்வளவு சீக்கிரம் சிதையவில்லை. 2012-ல் இதே வழியில் டி3 சேர்த்த ஒரு சதவீதக் கொழுப்புப் பாலை மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்ததில், உடலில் ஏறியது வழக்கமான சொட்டு மருந்துக்குக் குறையாமல் இருந்தது. ‘குறையாமல்’ என்பதைக் கவனியுங்கள். பல மடங்கு அதிகம் என்று யாரும் சொல்லவில்லை, விளம்பரம் எழுதுகிறவர்களைத் தவிர.

வே புரதங்களில் பெரிய ஆள் பீட்டா-லாக்டோகுளோபுலின். 162 அமினோ அமிலங்கள், கேசீனுக்கு நேர்மாறாக ஒழுங்காக மடிந்த உருவம். நடுவில் ஒரு குழி, அதன் வாயில் ஒரு வளையம், மூடி போட்ட தூக்குச்சட்டி என்று வைத்துக்கொள்ளலாம். வைட்டமின் ஏ-வின் ஒரு வடிவமான ரெட்டினால் அந்தக் குழிக்குள் கச்சிதமாக உட்காரும், வைட்டமின் டி-யும் உட்காரும். 1986-ல் இதன் உருவத்தைக் கண்டறிந்தபோது, நம் ரத்தத்தில் வைட்டமின் ஏ-வைச் சுமந்து செல்லும் புரதத்தின் மடிப்பும் இதன் மடிப்பும் ஒரே சாயலில் இருந்தது தெரியவந்தது. இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது அந்த மூடிதான். அமிலம் இருக்கும் இடத்தில் மூடிக்கொள்ளும், காரத்தன்மை பக்கம் போகப் போகத் திறக்கும். வயிற்றில் பெப்சின் என்ற செரிமான நொதியாலும் சூடு படாத பீட்டா-லாக்டோகுளோபுலினை அவ்வளவு எளிதில் வெட்ட முடியாது. ஆக வயிற்றைத் தாண்டி, குடலில் போய்த் திறக்கிற ஏற்பாடு.

கேட்க அழகாக இருக்கிறது இல்லையா? ஆனால் இதை வைத்து வியாபாரம் பேசுகிறவர்கள் விட்டுவிடும் இரண்டு விஷயங்கள் உண்டு. தாய்ப்பாலில் பீட்டா-லாக்டோகுளோபுலினே கிடையாது, ஒட்டகப் பாலிலும் கிடையாது. குழந்தைகள் அது இல்லாமலேயே வைட்டமின் ஏ பெற்று வளர்கின்றன. மாட்டுப் பாலில் இந்தப் புரதத்தின் உண்மையான வேலை என்ன என்பது ஆராய்ச்சியாளர்களிடையே இன்னும் தீராத வாதம். இரண்டாவது, மாட்டின் மடியிலிருந்து வரும் வைட்டமின் ஏ-வில் பெரும்பங்கு இந்தக் குழிக்குள் இருப்பதில்லை, கொழுப்புத் துளிகளுக்குள் கொழுப்பு அமிலத்தோடு இணைந்த வடிவில் கிடக்கிறது. குழியின் வேலை, கொழுப்பு இல்லாத இடத்தில்தான் பேசப்பட வேண்டியது.

பி12 கதை வேறு. பசும்பாலில் அது டிரான்ஸ்கோபாலமின் என்ற புரதத்தோடு சேர்ந்தே இருக்கிறது. ஃபோலேட் என்கிற பி9-க்கும் தனியாக ஒரு பிணைப்புப் புரதம் உண்டு. ரைபோஃப்ளேவின் என்கிற பி2-வில் பெரும்பகுதி தண்ணீரில்தான், யார் கையையும் இறுக்கிப் பிடிக்காமல்.

கறந்த பாலா, பாக்கெட்டா?

பாக்கெட் பாலைச் சாதாரணமாக 72 டிகிரியில் 15 விநாடி சூடாக்கிக் குளிர்விக்கிறார்கள். அந்தச் சூட்டில் பீட்டா-லாக்டோகுளோபுலின் பெரும்பாலும் உருக்குலையாமல் தப்பித்துவிடும், பி வைட்டமின்களின் இழப்பும் சிறிதுதான். ‘பதப்படுத்திய பாலில் சத்தே இல்லை, கறந்த பால்தான் பால்’ என்பதற்கு வைட்டமின் கணக்கில் ஆதாரம் இல்லை. கறந்த பாலைக் காய்ச்சாமல் குடிக்கக் கூடாது. காய்ச்சினால், தொழிற்சாலையில் 15 விநாடி பட்ட சூட்டைவிட நம் அடுப்பில் படும் சூடு பல மடங்கு. அப்போது குழியும் மூடியும் குலைந்துபோகும். குலைந்த புரதம் கேசீன் உருண்டையின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். ஆக ‘இயற்கையான புரதப் பாதுகாப்பு’ என்று கறந்த பாலுக்குக் கூடுதல் விலை கொடுத்தால், அந்தக் கூடுதல் அடுப்பில் காலி. பால்காரர் நம்பிக்கையானவர், தண்ணீர் ஊற்றுவதில்லை, கொழுப்பு நன்றாக இருக்கிறது என்பதற்காக வாங்குங்கள், அது நியாயமான காரணம்.

அப்படியானால் காய்ச்சினால் வைட்டமின் டி, ஏ எல்லாம் போய்விடுமா என்றால், இல்லை. டி, ஏ இரண்டும் சூட்டை ஓரளவு தாங்கும். அவற்றுக்குப் பெரிய எதிரிகள் வெளிச்சமும் ஆக்சிஜனும். தவிர, பீட்டா-லாக்டோகுளோபுலினில் குழிக்கு வெளியே, புரதத்தின் பக்கவாட்டில் வைட்டமின் டி உட்கார இன்னொரு இடம் இருப்பதை 2008-ல் காட்டினார்கள். சூட்டில் குழி போனாலும் அந்த இடம் வேலை செய்கிறது. கேசீன் வேறு இருக்கிறது. காய்ச்சுவதால் நிஜமாகக் குறைவது பி12, பி1, ஃபோலேட், அப்புறம் பாலில் ஏற்கெனவே கொஞ்சமாக இருக்கும் வைட்டமின் சி. அதிலும் கொதிக்கும் நேரம்தான் கணக்கு. காலையில் ஒரு தடவை பொங்கவிட்டு இறக்குவது ஒன்று, அதே பாத்திரத்தைப் பதினோரு மணிக்கு ஒரு தடவை, நாலு மணிக்கு ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை என்று சுண்டச் சுண்டக் காய்ச்சுவது வேறு. பி12-க்காகப் பால் குடிக்கிறவர்கள் இரண்டாவது பழக்கத்தை விடுவது, பிராண்டை மாற்றுவதைவிடப் பலன் தரும். பாலின் மேல் படியும் ஆடையை வடிகட்டி எறிகிறவர்கள் உண்டு. அது வெறும் கொழுப்பில்லை, சூட்டில் குலைந்த வே புரதமும் கேசீனும் கொழுப்பும் பின்னிக்கொண்ட படலம். அதில் ஏ, டி கொஞ்சம் சிக்கியிருக்கும். எறிவதற்குப் பதில் அடித்துக் கலந்துவிடலாம், பிள்ளைகள் முகம் சுளித்தால் தனியாகச் சேர்த்து வெண்ணெய் எடுக்கலாம்.

நீலம், பச்சை, ஆரஞ்சு, ஊதா

ஆவினில் நீலம் 3 சதவீதக் கொழுப்பு, பச்சை 4.5, ஆரஞ்சு 6. நிறம் மாறினால் கொழுப்பு மாறும், கொழுப்போடு வைட்டமின் ஏ-யும் மாறும். புரதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. இதற்குத்தான் வைட்டமினை வெளியிலிருந்து சேர்த்த, அதாவது செறிவூட்டிய பால் வந்தது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2018-ல் கொண்டுவந்த விதிப்படி, அப்படிச் சேர்க்கும் பாலில் லிட்டருக்கு வைட்டமின் ஏ 270 முதல் 450 மைக்ரோகிராம், வைட்டமின் டி 5 முதல் 7.5 மைக்ரோகிராம் இருக்க வேண்டும். பாக்கெட்டில் ‘+எஃப்’ முத்திரை இருக்கும். சேர்ப்பதா வேண்டாமா என்பது நிறுவனத்தின் விருப்பம், ஆகவே முத்திரையைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். ஆவினின் ஊதா நிற ‘டிலைட்’ பாக்கெட், 3.5 சதவீதக் கொழுப்போடு இந்த இரண்டு வைட்டமின்களையும் சேர்த்து வந்தது.

இதில் ஏ என்பது, கொழுப்பை எடுத்தபோது போனதை ஏறக்குறையத் திருப்பி வைப்பதுதான், கூடுதல் சலுகை என்று நினைக்க வேண்டாம். டி அப்படியில்லை. பாலில் இயற்கையாக இருக்கும் டி மிகமிகக் குறைவு, முத்திரை போட்ட பாலில் அது உண்மையிலேயே வெளியிலிருந்து வந்த சேர்க்கை.

சரி, இப்போது கொழுப்புள்ள பாலா, கொழுப்பு குறைத்து வைட்டமின் சேர்த்த பாலா என்ற கேள்வி. வெளிச்சம் படும் இடத்தில் வைத்தால், கொழுப்பு குறைந்த பாலில் சேர்த்த வைட்டமின் ஏ சீக்கிரம் சிதைகிறது. முழுப் பாலில் கொழுப்புத் துளிகள் அதைத் தங்களுக்குள் இழுத்துக்கொண்டு மறைக்கின்றன. கொழுப்பு இல்லாதபோது கேசீனும் பீட்டா-லாக்டோகுளோபுலினும் அந்த வேலையை ஓரளவு செய்கின்றன, முழுதாக முடிவதில்லை. ஆகவே கொழுப்பை ரொம்பக் குறைத்த டபுள் டோன்டு பால் வாங்குகிற வீட்டில் பால் வைக்கும் இடம்தான் முக்கியம். காலை ஐந்தரை மணிக்கு கேட்டில் மாட்டிய பையில் போட்டுவிட்டுப் போகிறார்கள், வீட்டில் எழுந்து எடுப்பது ஏழரைக்கு, கிழக்கு பார்த்த வாசல் என்றால் ஒரு மணி நேரமாவது வெயில் நேரடியாக விழும். பாக்கெட்டில் அச்சு இல்லாத இடமெல்லாம் வெளிச்சம் உள்ளே போகும் பாலித்தீன்தான். அந்த வெளிச்சத்தில் முதலில் அடிபடுவது பி2. அது தான் சிதைவதோடு நிற்பதில்லை, ஒளியை வாங்கிப் பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கிறது. வைட்டமின் ஏ, சி, மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் வரை சேதம் போகும். வெயிலில் கிடந்த பாலில் லேசாக வெந்த முட்டைக்கோஸ் மாதிரி ஒரு வாடை வருவது அதனால்தான். கனமான துணிப் பை ஒன்றைக் கேட்டில் மாட்டுங்கள், முடிந்தது. இதற்கு எந்தப் புரதமும் தேவையில்லை.

புரதம் கூட்டிய பால் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ‘அதிகப் புரதம், அதிக வைட்டமின் பாதுகாப்பு’ என்ற வாதம் காதில் விழுகிறது. ஒரு சின்னக் கணக்கு போடுவோம். சாதாரணப் பால் ஒரு லிட்டரில் பீட்டா-லாக்டோகுளோபுலின் மட்டும் சுமார் 3 கிராம். அதன் மூலக்கூறு எடை 18,300-க்கு அருகில், வைட்டமின் டி3-யின் மூலக்கூறு எடை 384. லிட்டருக்கு 5 மைக்ரோகிராம் டி சேர்த்தால், ஒரு வைட்டமின் டி மூலக்கூறுக்குப் பன்னிரண்டாயிரத்துக்கும் மேல் பீட்டா-லாக்டோகுளோபுலின் மூலக்கூறுகள் காத்துக்கிடக்கின்றன. வைட்டமின் ஏ-வுக்குப் பார்த்தாலும் 270 மைக்ரோகிராமுக்கு ஒன்றுக்கு நூற்றைம்பதுக்கு மேல். இத்தனைக்கும் கேசீனை இன்னும் எண்ணவே இல்லை. பிடித்து வைக்கும் இடம் சாதாரணப் பாலிலேயே எக்கச்சக்கமாக உபரி. புரதத்தை இரண்டு மடங்காக்கினால் உங்களுக்குப் புரதம் கிடைக்கும், அது வேண்டும் என்றால் வாங்குங்கள், வைட்டமின் கணக்கில் ஒன்றும் கூடாது.

ஏ2 பாலுக்கும் இதே பதில்தான். பீட்டா-கேசீன் சங்கிலியில் 67-வது இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான் ஏ1-க்கும் ஏ2-வுக்கும் வித்தியாசம். இரண்டு மடங்கு விலைக்கு வைட்டமினைக் காரணமாகச் சொன்னால் நம்ப வேண்டாம்.

டெட்ரா பேக்

இங்கேதான் எனக்கும் நண்பர்களுக்கும் வாக்குவாதம் வரும். ஆறு மாதம் கெடாத பால் என்றாலே நம் ஆட்களுக்குச் சந்தேகம். யு.எச்.டி. முறையில் 135 டிகிரிக்கு மேல் சில விநாடிகள் சூடாக்குகிறார்கள். அதில் பீட்டா-லாக்டோகுளோபுலினின் பெரும்பகுதி உருக்குலைந்துவிடும், பி1, பி12, ஃபோலேட் எல்லாம் 10 முதல் 20 சதவீதம் வரை குறையும். பாக்கெட் பாலோடு கடையிலேயே ஒப்பிட்டால் பாக்கெட் ஜெயிக்கும். ஆனால் நாம் பாக்கெட் பாலைக் கடையிலேயே குடிப்பதில்லையே, வீட்டுக்குக் கொண்டுவந்து கொதிக்க வைத்துத்தானே குடிக்கிறோம். ஒப்பிட வேண்டியது காய்ச்சிய பாக்கெட் பாலையும், காய்ச்சத் தேவையே இல்லாத டெட்ரா பேக் பாலையும்தான். அப்படிப் பார்த்தால் வித்தியாசம் ஏறக்குறைய மறைந்துவிடுகிறது, மூன்று நான்கு தடவை காய்ச்சும் வீடாக இருந்தால் டெட்ரா பேக் முந்தும். வெளிச்சம் என்று எடுத்துக்கொண்டால் போட்டியே இல்லை. அட்டை, பாலித்தீன், நடுவில் அலுமினியத் தாள், உள்ளே கும்மிருட்டு. பி2-வுக்கும் ஏ-வுக்கும் இதைவிட நல்ல இடம் கிடையாது. குறை எங்கே என்றால், மாதக்கணக்கில் அலமாரியில் இருக்கும்போது ஃபோலேட்டும் சி-யும் மெல்லக் குறையும், சமைத்த வாசனை ஒன்று இருக்கும், விலை கூடுதல். டெட்ரா பேக் வாங்கி அதையும் பொங்கப் பொங்கக் காய்ச்சுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்குக் கொடுத்த காசு வீண்.

தயிர், பனீர், நெய்

பால் புளித்துத் தயிராகும்போது கேசீன் உருண்டைகளுக்குள் இருந்த கால்சியம் பாஸ்பேட் கரைந்து வெளியேறுகிறது, உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டி வலையாகின்றன. ஏ, டி இரண்டும் அந்த வலையிலும் அதில் சிக்கிய கொழுப்பிலும் தங்கிவிடும். உறை ஊற்றிய பாக்டீரியாக்கள் சும்மா இருப்பதில்லை. சில வகைகள் ஃபோலேட்டைத் தயாரித்துக் கொடுக்கின்றன, தங்கள் வளர்ச்சிக்குப் பி12-வை எடுத்துக்கொள்ளவும் செய்கின்றன. அதனால் பி12 மட்டுமே உங்கள் கவலை என்றால் பால் தயிரைவிட ஒரு படி மேல். வயிற்றுக்கு இதமாக இருக்கிறது, லாக்டோஸ் ஒத்துக்கொள்ளவில்லை என்பவர்களுக்குத் தயிர்தான். தயிரின் மேல் தேங்கும் மஞ்சள் கலந்த பச்சை நீரைச் சாய்த்துக் கொட்டாதீர்கள். அந்த நிறமே பி2-வின் நிறம்தான். 1933-ல் ஜெர்மனியில் ரிச்சர்ட் குன் குழுவினர் பால் திரிந்த நீரிலிருந்தும் பி2-வைப் பிரித்தெடுத்தார்கள், அதற்கு வைத்த பெயரே லாக்டோஃப்ளேவின்.

பனீர் செய்யும் வீடுகளில் இது இன்னும் பெரிய இழப்பு. ஒரு லிட்டர் பாலில் எலுமிச்சை பிழிந்து, துணியில் கட்டித் தொங்கவிட்டால் கீழே முக்கால் பாத்திரம் தண்ணீர் இறங்கும். கேசீன் துணியில் நின்றுவிட்டது, கொழுப்பு அதில் சிக்கி நின்றுவிட்டது, அவற்றோடு ஏ, டி நின்றுவிட்டன. பி2-வில் பெரும்பங்கு கீழே. சந்தேகம் இருந்தால் கள்ளநோட்டு பார்க்கும் ஊதா டார்ச்சை இருட்டில் அந்தத் தண்ணீர் மேல் அடித்துப் பாருங்கள், மஞ்சள் பச்சையாக ஒளிரும். அது பி2. அந்தத் தண்ணீரில் சப்பாத்தி மாவு பிசையலாம், ரசத்துக்கும் சாம்பாருக்கும் ஊற்றலாம், புளிப்பு கொஞ்சம் ஏறும் அவ்வளவுதான். பனீர் புரதத்துக்கும் கால்சியத்துக்கும் நல்லது, பி வைட்டமினுக்காக அதை வாங்குவதில் அர்த்தமில்லை.

நெய்யில் ஏ உண்டு, புரதம் சுத்தமாக இல்லை. இந்தக் கட்டுரையின் விவகாரத்தில் அதற்கு இடமில்லை. ருசிக்குச் சாப்பிடுங்கள்.

பாதாம் பால், சோயா பாலில் கேசீனும் இல்லை, பீட்டா-லாக்டோகுளோபுலினும் இல்லை, பி12 இயற்கையாகவே இல்லை. வெளியிலிருந்து சேர்த்தால்தான் உண்டு, சேர்த்திருக்கிறார்களா என்று லேபிளில் பார்க்க வேண்டும். சேர்த்ததில் கால்சியம் அடியில் படியும், குலுக்காமல் ஊற்றினால் கடைசி டம்ளருக்குத்தான் யோகம். பால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு வேறு வழியில்லை, அவர்களுக்கு இது சரி. மற்றவர்கள் வைட்டமினுக்காக இதற்கு மாறுவதில் ஒரு லாபமும் எனக்குத் தெரியவில்லை.

பாதுகாப்பே தடையாகும் இடம்

புரதம் பிடித்து வைத்தால் நல்லதுதானே என்று எப்போதும் சொல்லிவிட முடியாது, பிடித்தது விட வேண்டிய இடத்தில் விட வேண்டும். ஃபோலேட் பிணைப்புப் புரதம் இதற்கு நல்ல உதாரணம். பாலில் ஃபோலிக் அமிலம் சேர்த்து, குடலைப் போன்ற ஆய்வகக் கருவியில் செரிக்க வைத்துப் பார்த்தபோது, அந்தப் புரதம் குலையாமல் இருந்த பாலில் ஃபோலிக் அமிலம் குறைவாகவே வெளியே வந்தது. இயற்கையான ஃபோலேட்டைவிடச் செயற்கை ஃபோலிக் அமிலத்தை அது இன்னும் இறுக்கமாகப் பிடிக்கிறதாம். அதிகச் சூட்டில் அந்தப் புரதம் குலைந்துவிட்டால் பிரச்சினையும் குறைகிறது. மென்மையாகச் சூடாக்கிய பால்தான் எப்போதும் மேல் என்ற எண்ணம் இங்கே தலைகீழாகிறது. கர்ப்பிணிகள் இரும்புச்சத்து, ஃபோலிக் அமில மாத்திரையைப் பாலோடு விழுங்க வேண்டாம் என்று செவிலியர்கள் சொல்வது பாலில் உள்ள கால்சியம் இரும்பைத் தடுக்கும் என்பதற்காக. அந்த அறிவுரை ஃபோலிக் அமிலத்துக்கும் கெடுதல் செய்யாது.

பி12-ல் நிலைமை நமக்குச் சாதகம். நார்வேயின் ஹோர்டாலாந்து பகுதியில் நடந்த பெரிய ஆய்வில், ரத்தத்தில் பி12 அளவு இறைச்சியைவிடப் பாலோடும் மீனோடும் நன்றாக ஒத்துப்போனது. பாலில் பி12 டிரான்ஸ்கோபாலமினைப் பிடித்துக்கொண்டிருப்பது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். எதனாலோ, 200 மில்லி பாலில் 0.9 மைக்ரோகிராம் அளவுக்குப் பி12 கிடைக்கிறது, ஒரு நாள் தேவை இரண்டு மைக்ரோகிராமுக்குச் சற்று மேல். சைவ உணவுக்காரர்களுக்கு இரண்டு டம்ளர் பால் என்பது உண்மையிலேயே பெரிய விஷயம்.

மஞ்சள் பால் குடிக்கிறவர்களுக்கு ஒரு உபரித் தகவல்: மஞ்சளில் உள்ள குர்குமினும் தண்ணீரில் கரையாத சங்கதிதான், அதையும் கேசீன் உருண்டைகள் பிடித்து வைக்கின்றன. பாட்டி தண்ணீரில் கலக்காமல் பாலில் கலந்தது தற்செயலோ அனுபவமோ, வேலை செய்கிறது.

டி-க்குப் பால் போதுமா?

இதை நேராகச் சொல்லிவிடுவது நல்லது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2020-ல் சொன்ன அளவுப்படி பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 600 ஐ.யு., அதாவது 15 மைக்ரோகிராம் வைட்டமின் டி வேண்டும். முத்திரை போட்ட பாலில் ஒரு லிட்டருக்கு 200 முதல் 300 ஐ.யு. ஒரு 200 மில்லி டம்ளருக்கு 40 முதல் 60. காபி, டீயில் ஊற்றுவது இதில் பாதிதான் வரும். ஃபின்லாந்தில் 2003-ல் திரவப் பாலில் டி சேர்க்க ஆரம்பித்து, 2010-ல் அளவை இரட்டிப்பாக்கி லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்று பரிந்துரைத்தார்கள், அங்கே மக்களின் ரத்த அளவு நன்றாகவே ஏறியது. ஆனால் அவர்கள் பாலை டம்ளர் டம்ளராகச் சாப்பாட்டோடு குடிக்கிறவர்கள். நம் வீடுகளில் பெரியவர்கள் குடிப்பது காபியில் கலந்த 100 மில்லி.

டி குறைவு என்று வந்தவர்களுக்கு மருத்துவர் வாரம் ஒன்று எழுதித் தரும் 60,000 ஐ.யு. பொட்டலத்துக்கு ஈடு கட்ட 1000 முதல் 1500 டம்ளர் செறிவூட்டிய பால் வேண்டும். புரதம் என்னதான் பத்திரமாகப் பிடித்து வைத்தாலும், இல்லாததை அது உண்டாக்காது. பரிசோதனைத் தாளில் டி குறைவாக இருந்தால் பால் பாக்கெட்டை மாற்றுவதை மருந்துக்குப் பதிலாக நினைக்காதீர்கள், மருந்து முடிந்த பிறகு அளவு இறங்காமல் இருக்க ஒரு சின்னத் துணை என்று நினையுங்கள். அந்தப் பொட்டலத்தைப் பாலில் கலந்து குடிப்பதாக இருந்தால் டபுள் டோன்டு வேண்டாம், கொழுப்புள்ள பாலாக இருக்கட்டும், இல்லையென்றால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் என்றால் எதை வாங்குவேன்

வளரும் பிள்ளைகள் இருக்கிற, தினமும் பால் செலவாகிற வீட்டுக்கு ‘+எஃப்’ முத்திரை உள்ள பச்சை அல்லது அதற்குப் பக்கத்துக் கொழுப்பளவுப் பாக்கெட் பால். கொழுப்பும் கொஞ்சம் இருக்கும், டி-யும் கிடைக்கும், விலையும் தாங்கும். ஒரே தடவை காய்ச்சி, ஆறியதும் மூடி, ஃபிரிட்ஜில் கதவுப் பக்கம் இல்லாமல் உள்ளே வைத்து, வேண்டியதை மட்டும் எடுத்துச் சூடாக்க வேண்டும். முத்திரை உள்ள பச்சை கிடைக்கவில்லை, முத்திரை உள்ள நீலம்தான் கிடைக்கிறது என்றால் நீலத்தையே எடுப்பேன்.

தனியாக இருப்பவர், இரண்டு நாளைக்கு ஒரு தடவை பால் எடுப்பவர், மின்வெட்டு அதிகமுள்ள ஊர், அல்லது ஃபிரிட்ஜே இல்லாத அறை என்றால் யோசிக்காமல் டெட்ரா பேக். சின்ன அட்டையாக வாங்கி, காய்ச்சாமல், திறந்த அன்றே முடித்துவிட வேண்டும்.

எடை, கொலஸ்ட்ரால் என்று கொழுப்பைக் குறைத்தே ஆக வேண்டியவர்கள் டபுள் டோன்டு வாங்கும்போது முத்திரை கட்டாயம் இருக்க வேண்டும், வெளிச்சத்தில் கிடக்கும் பாக்கெட் வேண்டவே வேண்டாம். கண்ணாடிக் கதவு ஃபிரிட்ஜில் விளக்குக்கு நேர் கீழே மேல் தட்டில் அடுக்கியிருப்பதை விட்டுவிட்டு, கூடையில் அடியில் கிடப்பதைக் கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை, தேதியை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.